எடுத்துப் போனது ஊருக்குத் திரும்பி வந்ததா?

கேள்வி கேட்டவர் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். "ஆண்டறிக்கையில் சமூகப் பொறுப்பு என்று ஒரு பக்கமும் நிலையான வளர்ச்சி இலக்குகள் என்று ஒரு பக்கமும் எழுதச் சொல்கிறார்கள், ஐயா. பேரணி நடத்தினோம், மரம் நட்டோம் என்று எழுதிவிடலாம். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தால் இவற்றுக்கு உண்மையிலேயே என்ன செய்ய முடியும்? யாராவது செய்திருக்கிறார்களா?" என்று கேட்கிறார்.

செய்திருக்கிறார்கள், அம்மா. நம் பக்கத்திலேயே செய்திருக்கிறார்கள். நான் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த வருடங்களில் பாதிக்கு மேல் நீங்கள் இப்போது ஏற்றிருக்கும் அதே பொறுப்பில் இருந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சொற்களை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இன்றைய தேவையை நிறைவேற்றும்போது, நாளைக்கு வரப்போகிறவர்கள் தங்கள் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் வழியை அடைத்துவிடாமல் இருப்பதுதான் நிலையான வளர்ச்சி என்று 1987-ல் ஐ.நா.வின் பிரண்ட்லண்ட் குழு வரையறுத்தது. 2015-ல் ஐ.நா. பொதுச்சபை அதையே 17 இலக்குகளாகவும் 169 குறிக்கோள்களாகவும் விரித்து, 2030 வரை கெடு வைத்தது. இலங்கைத் தமிழர்கள் இதைப் 'பேண்தகு அபிவிருத்தி' என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். பேணுவதற்கு ஒருவர் கூடவே இருந்தாக வேண்டும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இனி, நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

2000-களின் நடுவில் தருமபுரி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம் போட்டோம். அந்தப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பாறையிலேயே இருக்கிறது, போர்க்குழாய் ஆழமாகப் போகப் போகத் தண்ணீரில் கூடுதலாகக் கரைந்து வருகிறது. பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளைகளைச் சிரிக்கச் சொன்னால் போதும், முன்பற்களில் பழுப்புக் கோடுகள் தெரியும். வயதானவர்களில் சிலருக்கு முதுகு விறைத்துப்போய், திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு திரும்ப வேண்டியிருந்தது. என் மாணவர்கள் பரிசோதனைப் பெட்டியோடு ஒவ்வொரு அடிபம்பாகப் போனார்கள். தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்து, சாயக் கரைசலைச் சொட்டு சொட்டாக விட்டு, நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பு மஞ்சளாக மாறினால் ஃப்ளோரைடு அதிகம் என்று பொருள்.

நாலாவதோ ஐந்தாவதோ பம்பு. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா நின்று பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்: "சார், முன்ன ஒருதபா வந்தவங்களும் இப்பிடித்தான் பாட்டல்ல புடிச்சிக்கினு போனாங்க. என்னா வந்துச்சின்னு ஒருத்தரும் வந்து சொல்லலியே?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நாங்களும் அளவுகளை நோட்டில் எழுதி, கல்லூரிக்குக் கொண்டுபோய், அறிக்கையாகத் தட்டச்சு செய்து கொடுப்பதாகத்தான் இருந்தோம்.

அன்று இரவு முகாமில் உட்கார்ந்து பேசினோம். மறுநாள் மாணவர்கள் ஒவ்வொரு பம்பின் அளவையும் அட்டையில் தமிழில் எழுதி அங்கங்கேயே கட்டினார்கள். 'இந்தத் தண்ணீர் குளிக்க, துவைக்க, ஆடுமாடு கழுவ ஆகும். குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம். கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது' என்று எழுதினோம். அந்தக் கடைசி வாக்கியம் மிக அவசியமாக இருந்தது. காய்ச்சிக் குடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பல வீடுகளில் நம்பிக்கொண்டிருந்தார்கள். கிருமிக்குத்தான் அது சரி. ஃப்ளோரைடு உள்ள தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஆவி போய் அளவு கூடத்தான் செய்யும்.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. குறைவான அளவு காட்டிய பம்புகள் எல்லாம் ஊர்த் தெருவில் இருந்தன. காலனியில் இருந்த பம்புகள் அத்தனையும் குடிநீருக்கு அனுமதித்த அளவைத் தாண்டின. "அங்க போய்ப் புடிங்க" என்று என் மாணவன் ஒருவன் சட்டென்று சொல்லிவிட்டான். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏன் என்று அவர்கள் சொல்லவில்லை, எங்களுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ரசாயனப் பாடம் அந்த இடத்தில் முடிந்துபோனது. அதற்கு மேல் ஊராட்சித் தலைவர், வட்டார வளர்ச்சி அலுவலகம், மனு என்று ஒன்றரை வருடம் அலைந்த பிறகுதான் நல்ல தண்ணீர் வரும் குழாய் ஒன்று காலனி வரைக்கும் நீண்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் திறக்கப்பட்டு, காவிரி நீர் வரத் தொடங்கியதெல்லாம் அதற்கும் பிறகு.

அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. சில வருடம் கழித்து ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பழைய முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் மாதிரிகளின் அட்டவணையில் அந்த ஊரின் பெயர் இருந்தது. அளவுகளும் இருந்தன, எங்கள் பெட்டி காட்டியதைவிடத் துல்லியமான அளவுகள். அந்த அம்மா சொன்ன பாட்டில் இதுதானோ, வேறொருவர் எடுத்துப் போனதோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்த வருடங்களில் அந்த எண்கள் அந்த அலமாரியில் இருந்திருக்கின்றன. ஆய்வு செய்தவர் நேர்மையாகத்தான் உழைத்திருந்தார். பட்டம் வாங்க அவர் செய்ய வேண்டியதாக நாம் வகுத்து வைத்ததில் அந்த ஊருக்குத் திரும்பிப் போவது இல்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஒரு பல்கலைக்கழகத்தின் சமூகப் பணியைப் பார்க்கும்போது நான் இரண்டு கேள்விகள்தான் கேட்கிறேன். கேள்வி எங்கிருந்து வந்தது? விடை யாரிடம் திரும்பிப் போனது? இந்த இரண்டுக்கும் நல்ல பதில் இருந்த சில வேலைகளைச் சொல்கிறேன்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் செய்தது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். தூக்கி எறிந்த நெகிழிப் பையை வைத்துச் சாலை போடும் முறை அவருடையது. என் துறைக்காரர் என்பதால் அதன் உள்விவரம் எனக்குக் கூடுதலாகப் பிடிக்கும். தார்ச்சாலை ஏன் குழி விழுகிறது? ஜல்லிக்கும் தாருக்கும் நடுவில் தண்ணீர் புகுந்து பிடிப்பைக் கழற்றிவிடுகிறது. ஒரு மழைக்காலத்தில் ஒரு கல் பெயர்ந்தால் போதும், வண்டிச் சக்கரங்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அவர் நெகிழியைத் தாரில் போட்டுக் கலக்கவில்லை. ஜல்லியைச் சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கி, துண்டுதுண்டாக நறுக்கிய நெகிழியை அதன்மேல் தூவினார். நொடிக்கணக்கில் அது உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய தோல்போலப் படிந்துவிடும். பிறகுதான் தார். நெகிழியும் தாரும் பெட்ரோலிய வழி வந்தவை, ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். கல்லுக்குள் தண்ணீர் இறங்குவது குறைகிறது, தாரிலும் ஒரு பங்கு மிச்சமாகிறது.

கல்லூரி வளாகத்துக்குள்ளேயே முதலில் போட்டுப் பார்த்தார்கள். 2006-ல் காப்புரிமை கிடைத்தது. அவர் அதை விற்றுக் காசாக்காமல் அரசுக்குக் கொடுத்தார். தமிழ்நாட்டின் ஊரகச் சாலைகளில் இந்த முறை பரவியது; ஊர்களில் நெகிழியைச் சேகரித்து நறுக்கித் தரும் வேலை பல இடங்களில் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குப் போனது. 2013-ல், சாலைகளுக்குத் தரவிதிகள் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் இதற்கு வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டது. 2015-ல், பெரிய நகரங்களைச் சுற்றிப் போடும் தார்ச்சாலைகளில் கழிவு நெகிழியைப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ.

இதில் நான் சொல்ல நினைப்பது விருதைப் பற்றி அல்ல. கேள்வி தெருவில் கிடந்தது: சாக்கடையை அடைத்த பை ஒரு பக்கம், குழி விழுந்த சாலை இன்னொரு பக்கம். விடை மறுபடி தெருவுக்கே போனது. நடுவில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடம் பல வருடம் பொறுமையாக வேலை செய்தது. இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: எல்லா நெகிழியும் இதற்கு ஆகாது. பி.வி.சி.யைச் சூடாக்கினால் நச்சுப்புகை வரும், அதைப் பிரித்தாக வேண்டும். சாலைக்குப் பயன்படுகிறது என்பதால் பையைத் தாராளமாக உபயோகிக்கலாம் என்றும் ஆகிவிடாது. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. அந்தத் தடைதான் முதலில் வர வேண்டியது.

அடுத்தது நெல். டெல்டாக்காரர்களுக்குச் சி.ஆர். 1009 என்றால் விளக்க வேண்டியதில்லை. மோட்டா ரகம், சம்பாவுக்கு ஏற்றது. ஐப்பசி, கார்த்திகையில் நாகப்பட்டினம், திருவாரூர்ப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் இளம்பயிர் நாள்கணக்கில் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும். சாதாரண நெற்பயிர் மூழ்கியதும் என்ன செய்யும் தெரியுமா? மூச்சுக்காகத் தவித்து, எப்படியாவது தண்ணீருக்கு மேலே தலையை நீட்ட வேண்டும் என்று வேகமாக நீளும். கையிருப்பில் இருந்த மாவுச்சத்தையெல்லாம் அதிலேயே செலவழித்துவிடும். வெள்ளம் வடியும்போது நிற்கக்கூடத் தெம்பில்லாமல் சாய்ந்து அழுகும்.

ஒடிசாவில் உழவர்களிடம் வெள்ளத்தைத் தாங்கும் ஒரு நெல் இருந்தது. அதிலிருந்து தேர்ந்தெடுத்த வகைக்கு எஃப்.ஆர். 13ஏ என்று பெயர். அந்தப் பயிர் மூழ்கினால் நீளாது. அசையாமல், சத்தைச் செலவழிக்காமல் காத்திருக்கும். ஏறக்குறைய இரண்டு வாரம் வரைக்கும் தாங்கி, வெள்ளம் வடிந்ததும் புதுத் துளிர் விடும். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 1990-களில் அந்தக் குணம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் 'சப்-1' என்று பெயர் வைத்தார்கள். 2006-ல் அதற்குக் காரணமான மரபணு எது என்பதும் தெளிவானது. பிலிப்பைன்ஸில் இருக்கும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் நம் பக்கத்துப் பல்கலைக்கழகங்களும் அதை விவசாயிகளுக்குப் பழகிய ரகங்களில் சேர்த்தன. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் உழைப்பில் அப்படி வந்ததுதான் சி.ஆர். 1009 சப்-1. இதை மரபணு மாற்றப் பயிர் என்று நினைத்துச் சிலர் பயப்படுகிறார்கள். இரண்டு ரகங்களைக் கலக்கும் சாதாரண முறைதான், எந்த நாற்றில் அந்தக் குணம் இறங்கியிருக்கிறது என்று பார்க்க மட்டும் மரபணு அடையாளத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இந்தக் கதையை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒடிசா உழவர் காப்பாற்றி வைத்திருந்த விதை, ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம், பிலிப்பைன்ஸில் ஒரு நிறுவனம், பிறகு நம் டெல்டா வயல். பசி ஒழிப்பு இரண்டாவது இலக்கு, பருவநிலை 13-வது இலக்கு என்று அட்டவணையில் தனித்தனிக் கட்டத்தில் எழுதுகிறோம். மூழ்கிய வயலின் வரப்பில் நிற்பவருக்கு அது ஒரே விஷயம்.

வேளாண் பல்கலைக்கழகத்துக்கு இது எளிதாக வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1868-ல் சைதாப்பேட்டையில் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1900-களின் தொடக்கத்தில் கோயம்புத்தூருக்குக் கல்லூரியாகப் போய், 1971-ல் பல்கலைக்கழகமானது அது. பாடம், ஆராய்ச்சி, விரிவாக்கம் (கண்டறிந்ததை மக்களிடம் கொண்டுசேர்ப்பது) என்ற மூன்றும் ஒரே வீட்டு வேலை என்று அங்கே ஆரம்பத்திலேயே வகுத்துவிட்டார்கள். விவசாயிகளுக்குப் பயிற்சி தரும் வேளாண் அறிவியல் நிலையங்களில் நாட்டின் முதலாவது 1974-ல் புதுச்சேரியில் இந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் தொடங்கியது. இறுதியாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்வது அவர்களுக்குப் பாடத்திட்டத்தின் பகுதி, மதிப்பெண் உண்டு. மற்ற பல்கலைக்கழகங்களில் விரிவாக்கம் என்பது ஆர்வமுள்ள நாலு ஆசிரியர்கள் சனி ஞாயிற்றில் செய்யும் வேலையாகவே இன்றும் இருக்கிறது. என் குறை அதுதான். வரலாற்றுத் துறைக்கும் பொருளியல் துறைக்கும் கணினித் துறைக்கும் அப்படி ஒரு கிராமம் ஏன் இருக்கக் கூடாது?

கால்நடை மருத்துவத்தில் ஒரு சின்ன உதாரணம். 1989-ல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தஞ்சாவூரில் மரபுவழிக் கால்நடை மருத்துவத்துக்காக ஒரு மையம் நடத்துகிறது. மாட்டுக்கு மடிநோய் வந்தால் மடி வீங்கி, பால் திரிந்து, சில நேரம் ஒரு காம்பே போய்விடும். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம்: மூன்றையும் அரைத்து, ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, பாலைக் கறந்துவிட்டு மடி முழுக்கத் தடவ வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். பாட்டிமார்களிடம் சிதறிக் கிடந்த கைவைத்தியத்தை எடுத்து, அளவு நிர்ணயித்து, சோதித்து, திருப்பிக் கொடுத்தது பல்கலைக்கழகம். பிறகு தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமே இதை நாடு முழுக்கப் பரப்பியது. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து குறைந்தால் பாலில் அதன் எச்சமும் குறையும்; மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவதும் குறையும். (வீட்டில் மாடு வைத்திருப்பவர்கள் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டே செய்யுங்கள், காய்ச்சல் அடித்து மாடு படுத்துவிட்டால் தடவல் மட்டும் போதாது.)

காந்திகிராமத்தைச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் திண்டுக்கல் பக்கத்தில் தொடங்கிய பணியிலிருந்து 1956-ல் கிராமிய நிறுவனம் எழுந்தது. 1976-ல் அதற்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி வந்தது. அங்கே பல்கலைக்கழகம் ஊரைத் தத்தெடுக்கவில்லை; ஊர் வேலையிலிருந்துதான் பல்கலைக்கழகமே பிறந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் அப்படித்தான். 1977 முதல் கே.வி.குப்பம் வட்டாரத்தில் அவர்கள் நடத்தும் 'ருஷா' ஊரக மையம் நோய் பார்ப்பதோடு நிற்கவில்லை, தொழிற்பயிற்சி, முதியோர் பராமரிப்பு என்று விரிந்தது. அரை நூற்றாண்டாக அதே வட்டாரம். அதுதான் என்னைக் கவர்ந்தது.

நம் நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு வருகிறேன். காந்தி நூற்றாண்டான 1969-ல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்துக்கு 240 மணி, ஒரு சிறப்பு முகாம் என்பது கணக்கு. இது வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நகரத்தில் வளர்ந்த ஒரு பெண் முதல் தடவையாகக் கழிப்பறை இல்லாத வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டு வரும்போது அவள் பார்வையில் நேரும் மாற்றத்தை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பாடநூலும் அதைத் தராது. ஆனால் அந்த ஏழு நாளில் மாறுவது பெரும்பாலும் நம் மாணவர்கள்தான், ஊர் அல்ல. இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு திட்டமிட வேண்டும். நான் பொறுப்பேற்ற புதிதில் ஒரு ஊராட்சி மைதானத்தில் 200 மரக்கன்று நட்டோம். தண்ணீர் ஊற்ற ஆள் வைக்கவில்லை, ஆடு மேயாமல் இருக்க வேலி போடவில்லை. அடுத்த வருடம் அதே குழிகளில் மறுபடி நட்டோம். தவறு முழுக்க என்னுடையது. மூன்றாவது வருடம் 15 கன்று மட்டும் நட்டு, ஒவ்வொன்றையும் பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்றின் பெயரில் ஒப்படைத்தோம். அவற்றில் பல புங்கமரங்களாக இன்று நிற்கின்றன.

ஊருக்குப் போவதற்கு முன் நம் மதில்சுவருக்குள் ஒரு பார்வை. நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுவார்கள். ஊரக வீடுகளுக்கு ஜல் ஜீவன் திட்டத்தில் 55 லிட்டர். 1,000 பேர் தங்கும் விடுதி நகரக் கணக்கில் தண்ணீர் செலவழித்தால் ஒரு நாளைக்கு 1,35,000 லிட்டர். கிட்டத்தட்ட 2,450 பேர் வாழும் கிராமத்துக்கு ஒதுக்கிய அளவு. பல கல்லூரிகளில் அது வளாகத்துக்குள் போட்ட ஆழ்துளைக் கிணற்றிலிருந்துதான் வருகிறது, வெளியே இருக்கும் விவசாயியின் கிணறும் அதே ஊற்றைத்தான் நம்பியிருக்கிறது. மழைநீர்ச் சேகரிப்பு 2003-லிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். உங்கள் கல்லூரியின் சேகரிப்புக் குழியைக் கடைசியாகத் தூர்வாரியது எப்போது என்று விசாரித்துப் பாருங்கள். விடுதிச் சோற்றுக் கழிவு எங்கே போகிறது, வளாகத்தைப் பெருக்கும் ஒப்பந்தப் பணியாளருக்குச் சேம நலநிதி பிடிக்கிறார்களா, அவர் பிள்ளை எங்கே படிக்கிறது என்பதும் சமூகப் பொறுப்புதான். என்னைக் கேட்டால் அறிக்கையின் முதல் பக்கத்தில் இது வர வேண்டும்.

யாருக்குக் கதவைத் திறக்கிறோம் என்பதும் இதில் சேரும். 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்புப்படி 18 முதல் 23 வயது வரையுள்ளவர்களில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4 சதவீதம். வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் ஒரு பெண் பட்டத்தோடு திரும்பிப் போகும்போது, அந்த வீட்டில் அடுத்து நடக்கும் கல்யாணப் பேச்சிலிருந்து வங்கிக் கடன் வரைக்கும் எல்லாம் மாறுகிறது. இதைத் தனியாக எழுத வேண்டும். இங்கே இவ்வளவு போதும்.

அறிக்கை எழுதச் சொல்கிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். கல்லூரிகளைத் தரம் பார்க்கும் தேசிய மதிப்பீட்டுக் குழு (நாக்) விரிவாக்கப் பணிக்கு மதிப்பெண் தருகிறது. 2019 முதல் நிலையான வளர்ச்சி இலக்குகளை வைத்து உலகத் தரவரிசை ஒன்றும் வெளிவருகிறது. இவை வந்த பிறகு நிர்வாகங்கள் இந்த வேலைக்குக் காசு ஒதுக்குகின்றன, அது நல்லது. கெடுதல் என்னவென்றால், பதாகையோடு எடுத்த படம் ஆதாரமாகிவிட்டது. அந்த அம்மாவுக்குப் பதில் போய்ச் சேர்ந்ததா என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாவிட்டாலும் நாமாக ஒரு பத்தி எழுதலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய நடைமுறை யோசனை இதுதான். மூன்று வருடத்துக்கு ஒரே ஊர் என்று முதலில் முடிவு செய்யுங்கள். முகாமுக்கு முன்பே ஒரு நாள் நாலு மாணவர்களோடு சும்மா போய், "இதற்கு முன்னால் எந்தக் கல்லூரியிலிருந்து வந்தார்கள், என்ன எடுத்துக்கொண்டு போனார்கள்?" என்று கேளுங்கள். பழைய ஆய்வேடுகளில் அந்த ஊர் இருக்கிறதா என்று உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் தேடச் சொல்லுங்கள். கிடைத்தால் அதைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் வேலை அதிலிருந்தே தொடங்கலாம். முகாமில் எதை அளந்தாலும், தண்ணீரோ ரத்தசோகையோ படிப்பை நிறுத்திய பிள்ளைகளோ, அதன் முடிவை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வரும் கிராமசபைகளில் ஒன்றில் உங்கள் மாணவி எழுந்து படிக்கும்படி பாருங்கள். தனி நபர்களின் விவரம் வெளியே போகக் கூடாது, தொகுத்த கணக்கு மட்டும் போதும். சபையில் படித்தால் அதன்மேல் தீர்மானம் போட முடியும். தீர்மானம் ஆனால் அதற்கு எண் கிடைக்கும், அந்த எண்ணை வைத்து ஊர்க்காரர்களே பின்னாளில் வட்டார அலுவலகத்தில் கேட்கலாம். அறிக்கையில் படத்துக்குப் பதிலாக அந்தத் தீர்மான எண்ணை எழுதுங்கள்.

நீங்கள் எந்த மாவட்டம் என்று குறிப்பிடவில்லை. தண்ணீர்ப் பரிசோதனைதான் செய்யப் போகிறீர்கள் என்றால் சொல்லுங்கள். பெட்டியைப் பயன்படுத்தும் விதத்தையும் நிற அட்டையைப் படிக்கும் விதத்தையும் அரை நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம், நானே வருகிறேன்.